இரண்டு குதிரைகளோடு ட்ரெய்லரை இழுக்க ஹாஃப்-டன் பிக்கப் போதுமா?

இழுக்கப் போதும். சுமக்கத்தான் பெரும்பாலும் போதாது. இந்த வித்தியாசம் புரியாமல் முதல் வண்டியை வாங்கி மாட்டிக்கொண்டவன் நான்.

டெக்சஸில் இருக்கிறோம். மகளின் குதிரையேற்றம் போட்டிவரை வந்தபோது ஹாஃப்-டன் ஒன்று எடுத்தேன். எஃப்-150, ராம் 1500 வகையறாவுக்கு இங்கே அதுதான் பெயர். 11,000 பவுண்டு இழுக்கும் என்றார் விற்றவர். எங்கள் சுமை 6,000தானே என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

முதல் இரவுப் பயணத்தில் எதிரே வந்தவர்கள் எல்லாம் லைட்டை அணைத்து அணைத்துப் போட்டார்கள். ஹை பீம் போட்டிருக்கிறேனோ என்று பார்த்தால், இல்லை. பின்பக்கம் அமுங்கி, வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. மறுநாள் லாயத்துக்கார அம்மா ஒன்றுமே பேசாமல் டிரைவர் கதவைத் திறந்து, நிலையில் ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்டிக்கரைக் காட்டினார். ஆட்களும் சரக்கும் சேர்ந்து 1,380 பவுண்டைத் தாண்டக்கூடாது என்று போட்டிருந்தது.

கணக்கைப் பாருங்கள். குவார்ட்டர் ஹார்ஸ் என்ற இனத்துக் குதிரை ஒன்று சுமார் 1,100 பவுண்டு, அதாவது 500 கிலோ. இரண்டுக்கு 2,200. எங்கள் காலி ட்ரெய்லர் 3,400. காய்ந்த புல், தண்ணீர், சேணம் எல்லாம் 400. ஆக 6,000. பம்பர் பக்கம் மாட்டும் ட்ரெய்லர் என்றால் இதில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச், அதாவது ட்ரெய்லரை மாட்டும் இணைப்பு, வழியாக வண்டியின் முதுகில் இறங்கும். 15 என்றே வைத்தால் 900. நாங்கள் நாலு பேர் 600, ஹிட்ச் 80. மொத்தம் 1,580. ஸ்டிக்கரைவிட 200 அதிகம்! விளம்பரத்து இழுவை எண்ணோ, வண்டியில் இரண்டே பேர், ஆளுக்கு 150 பவுண்டு என்று வைத்துப் போட்டது.

அப்புறம், குதிரை மணல் மூட்டை இல்லை. சிக்னலில் நிற்கும்போது அது கால் மாற்றி வைத்தால் நம் சீட் அசையும். ட்ரெய்லரும் அலமாரி மாதிரி உயரம். பக்கக்காற்றில் அது ஆடத் தொடங்கினால் அடக்கிப் பிடிக்க வண்டிக்கு எடையும் நீளமான வீல்பேஸும் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலுள்ள தூரம்) வேண்டும்.

நான் எஃப்-250 அளவுள்ள முக்கால் டன்னுக்கு மாறினேன், பெட்ரோலில். டீசல் இழுவைக்கு அருமை, இறக்கத்தில் எஞ்சின் புகையைத் தடுத்தே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் பெரிய உதவி. ஆனால் அந்த எஞ்சினின் எடையே பேலோடை, அதாவது ஸ்டிக்கரில் போட்டிருக்கும் சுமை அளவை, தின்றுவிடும். ராக்கி மலைப் பக்கம் அடிக்கடி போவதென்றால் டீசலை யோசிக்கலாம்.

ஒரே குதிரை, அலுமினிய ட்ரெய்லர், வண்டியில் இரண்டு பேர் என்றால் ஹாஃப்-டன்னே தாராளம். ஒரே மாடலிலும் ஸ்டிக்கர் எண் வண்டிக்கு வண்டி மாறும், சன்ரூஃப் போன்ற சொகுசு கூடக்கூட எண் இறங்கும். அதனால் ஷோரூமில் குனிந்து படித்துவிட்டுப் பேரம் பேசுங்கள். ட்ரெய்லரின் பிரேக்கை வண்டியிலிருந்து இயக்கும் பிரேக் கண்ட்ரோலர் கம்பெனியிலேயே பொருத்தியதாக இருக்கட்டும். வாங்கியதும் குதிரைகளோடு ஒரு தடவை டிரக் ஸ்டாப்பில் உள்ள கேட் ஸ்கேல் என்ற எடைமேடையில் ஏற்றி எடை பாருங்கள். ஒற்றைக் குதிரையைக் கொண்டுபோகும் நாளில் அதை டிரைவர் பக்கம், அதாவது இங்கே இடப்பக்கம், நிறுத்துங்கள். இங்கே சாலை வலது ஓரத்துக்குச் சரிந்திருக்கும்.