பழைய கார்ல கை எட்டாத இடத்துல இருக்கற கிராங்க் சென்சார நாமளே மாத்தலாமா?

2004 மாடல் பெட்ரோல் கார், சூடானா சிக்னல்ல ஆஃப் ஆயிடுது, அரை மணி நேரம் ஆறவிட்டா சமத்தா ஸ்டார்ட் ஆகுது, கிராங்க் சென்சார் போச்சு கியர்பாக்ஸ இறக்கணும்னு மெக்கானிக் சொல்றார்னு கேட்டிருக்கீங்க. கிராங்க் சென்சார்னா எஞ்சின் சுத்தறத எஞ்சின் கம்ப்யூட்டருக்கு (ஈசியு) சொல்ற சென்சார். என்கிட்டயும் அதே வயசு வண்டிதான், இதே சென்சார நானே மாத்தினேன், கியர்பாக்ஸ தொடக்கூட இல்ல. சென்சார் பெல் ஹவுசிங் (எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்து உறை) மேல வெளிய இருந்து சொருகினதா இருந்தா இறக்கற வேலையே கிடையாது.

ஆனா முதல்ல சென்சார்தானான்னு உறுதி பண்ணுங்க. வண்டி நின்ன உடனே செல்ஃப் அடிச்சுப் பாருங்க, ஸ்கேனர்ல ஆர்பிஎம் ஜீரோவே காட்டுதுன்னா எஞ்சின் சுத்தறதே ஈசியுவுக்குத் தெரியல, அதனாலதான் ஸ்பார்க்கும் இல்ல பெட்ரோலும் இல்ல. ஸ்கேனர்ல பி0335ன்னு கோளாறு கோட் வந்தா உடனே சென்சார்னு முடிவு கட்டிடாதீங்க, அது சென்சார், வயர் எல்லாம் சேந்த சர்க்யூட்ட மொத்தமா சொல்ற கோட், சைலன்சர் பைப் பக்கத்துல வயர் உருகி இருந்தாலும் அதேதான் வரும். ரெண்டு வயர் சென்சார்னா சூட்டோட மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க, ஆறினப்ப சில நூறு ஓம்ஸ் காட்டினது சூட்டுல ஓப்பன்னு (இணைப்பே இல்லன்னு) காட்டினா உள்ள காயில் விட்டுப்போச்சு. மூணு வயர்னா பெரும்பாலும் ஹால் டைப் (காயிலுக்குப் பதிலா எலக்ட்ரானிக் சிப் இருக்கறது), அதுக்கு ஓம்ஸ் டெஸ்ட் செல்லாது.

இனி கழட்டறது. பேட்டரி எர்த்த கண்டிப்பா எடுத்துடுங்க, பக்கத்துலயே செல்ஃப் மோட்டார் டெர்மினல் இருக்கும், அதுல சாவி போடாட்டியும் கரண்ட் நிக்கும், ஸ்பேனர் பட்டா தீப்பொறிதான். ஏர் ஃபில்டர் டப்பாவையும் பேட்டரி ட்ரேயையும் எடுத்தாலே பாதி வழி திறந்துடும். கீழ இருந்து போறதா இருந்தா ஸ்டாண்டு போடுங்க, வெறும் ஜாக்கிய நம்பி உள்ள படுக்காதீங்க.

என் வண்டியில ஒரே ஒரு பத்தாம் நம்பர் போல்ட்தான், ஆனா கண்ணுக்குத் தெரியாது, விரல்ல தடவித்தான் கண்டுபிடிக்கணும். சின்ன ராட்செட், நீள எக்ஸ்டென்ஷன், நடுவுல யுனிவர்சல் ஜாயின்ட், சாக்கெட் உள்ள கொஞ்சம் கிரீஸ் தடவிட்டா போல்ட் அதுலயே ஒட்டிட்டு வரும், கியர்பாக்ஸ் இடுக்குல விழாது. கப்ளர் (சென்சார் வயரோட பிளக்) லாக் இத்தன வருஷ சூட்டுல அப்பளமா ஆகியிருக்கும், எஞ்சின் வெதுவெதுன்னு இருக்கும்போது கழட்டுங்க.

போல்ட் வந்தாலும் சென்சார் வராது, எல்லாரும் மாட்டறது இங்கதான். அதச் சுத்தி இருக்கற ரப்பர் வளையம், ஓ ரிங், இறுகிப் பிடிச்சிருக்கும். முந்தின ராத்திரியே டபிள்யூடி 40 அடிச்சு வச்சுட்டு, நேரா இழுக்காம இடமும் வலமுமா திருகுங்க, முதல்ல அசையவே அசையாது, அப்பறம் ஒரு நூல் அளவு திரும்பும், அதுக்கப்பறம் கையோட வந்துடும். நெம்பினா தலை மட்டும் உடைஞ்சு மீதி உள்ளயே நின்னுக்கும்.

புதுசையும் பழசையும் பக்கத்துல வச்சு நீளம் பாத்துடுங்க, முனை கொஞ்சம் நீளமா இருந்தாலும் ப்ளைவீல் (எஞ்சினோட சேந்து சுத்தற கனமான சக்கரம்) பல்லுல இடிக்கும். சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகள்ல பழைய கப்ளர் வயரோட கிடைச்சா வாங்கலாம், சென்சார மட்டும் பழசு வாங்காதீங்க, அது எவ்வளவு சூடு பாத்ததுன்னு யாருக்குத் தெரியும்? ஓ ரிங்ல எஞ்சின் ஆயில் தடவி கையால அமுக்குங்க, சுத்தியல் வேணாம். கோட அழிச்சுட்டு ரேடியேட்டர் ஃபேன் ஓடற வரைக்கும் ஐடில்ல விட்டு, ஆஃப் பண்ணி உடனே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. மறுபடியும் அதே பிரச்சனைன்னா வயரப் பிடிச்சுக்கிட்டே ஈசியு வரைக்கும் போய்ப் பாக்கணும், அத தனி கேள்வியா போடுங்க, சொல்றேன்.