மூட்டுவலிப் பொடியை இன்றே நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. மூட்டுவலிக்காக எங்கள் ஊர் வைத்தியர் ஒருவர் மடித்துக் கொடுக்கும் பொடியை எட்டு மாதங்களாகச் சாப்பிட்டு வருகிறார். மூன்றாம் நாளே வலி போய்விட்டது. இப்போது முகம் உப்பி, இரத்தத்தில் சர்க்கரையும் ஏறியிருக்கிறது. பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்கிறார் மருத்துவர். இன்றே நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நாளைக்குள் பொது மருத்துவரையோ நாளமில்லாச் சுரப்பி நிபுணரையோ பாருங்கள். அவர் அளவு தெரிந்த மாத்திரையைப் பொடிக்குப் பதிலாகத் தந்து, படிப்படியாகக் குறைப்பார்.

ஸ்டீராய்டு உயிரணுவுக்குள் நுழைந்ததும், அங்குள்ள குளுக்கோகார்டிகாய்டு ஏற்பி என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த ஏற்பி உட்கருவுக்குள் சென்று சில மரபணுக்களை முடுக்கிவிடுகிறது, சிலவற்றை அடக்குகிறது. மூட்டில் வீக்கத்தை மூட்டும் மரபணுக்கள் அடங்கியதால்தான் வலி போனது. அதே ஏற்பி கல்லீரலிலும் இருப்பதால், குளுக்கோஸ் தயாரிக்கும் மரபணுக்கள் அங்கே முடுக்கப்பட்டுச் சர்க்கரை ஏறியது. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் முடக்குவாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தபோது சில நாட்களிலேயே வலி தணிந்தது. 1950இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பக்க விளைவுகளும் விரைவிலேயே வெளிப்பட்டன.

மூளையிலும் அதன் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலும் உள்ள இதே ஏற்பி, “ஸ்டீராய்டு போதுமான அளவு இருக்கிறது” என்று கணக்கிட்டு, உடலின் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசாலைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பிக்குப் போகும் கட்டளையை நிறுத்திவிடுகிறது. மாதக்கணக்கில் வேலையற்றுச் சுருங்கிய சுரப்பியால், பொடியை விட்ட மறுநாளே கார்ட்டிசாலைச் சுரக்க முடியாது. கடும் சோர்வு, வாந்தி, தலைசுற்றல், இரத்த அழுத்தச் சரிவு ஆகியவை தோன்றினால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். ஸ்டீராய்டு சேர்ந்த பொடியைச் சாப்பிட்டு வந்தவர் என்பதை அங்கே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

“பக்க விளைவே இல்லாத மூலிகை” என்று சொல்லி, உள்ளடக்கம் அச்சிடாத பொட்டலத்தைத் தருபவரை நம்பாதீர்கள். ஆண்டுக்கணக்கில் வாட்டிய வலி மூன்றே நாளில் மறைந்தால் சந்தேகப்பட வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரைகளில், 0.75 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் வீரியத்தில் 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். ஒரு சிட்டிகைப் பொடிக்குள் அது கண்ணுக்கே தெரியாது. மருந்துச் சீட்டின்றி விற்கக் கூடாத இம்மாத்திரைகள் கலப்படக்காரர் கைக்கு இவ்வளவு எளிதாகப் போய்ச் சேர்வதும், சந்தேகப்படும் குடும்பம் பொட்டலத்தைப் பரிசோதிக்க எங்கே போவதென்று தெரியாமல் அலைவதும் எனக்குத் தாங்க முடியாத கோபத்தைத் தருகின்றன.

இதைப் படித்துவிட்டு, மருத்துவர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டை எவரும் நிறுத்திவிடக் கூடாது. குறிப்பாக ஆஸ்துமா இன்ஹேலரைச் சொல்கிறேன். அதிலுள்ள ஸ்டீராய்டு நுண்கிராம் கணக்கில் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. வழக்கமான அளவில் உடலெங்கும் பரவுவது மிகக் குறைவு. பயந்து அதை நிறுத்திய பிள்ளைகள் நள்ளிரவில் மூச்சுத் திணறி வருவதைப் பார்த்திருக்கிறேன். இன்ஹேலர் வேறு, உங்கள் அம்மாவின் பொட்டலம் வேறு.

மீதமுள்ள பொட்டலங்களைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். காலை எட்டு மணியளவில் கார்ட்டிசால் பரிசோதனை செய்யச் சொன்னால், கடைசிப் பொடியை எப்போது சாப்பிட்டார் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அது தெரியாமல் அந்த முடிவைச் சரியாகப் படிக்க இயலாது.