கொலுப் படிக்கு 12 வோல்ட் விளக்கு: எந்தப் பவர் சப்ளை வாங்கலாம்?

கேள்வி: நவராத்திரிக்கு வீட்டுக் கொலுப் படிகளில் எல்ஈடி ஸ்ட்ரிப் ஒட்டப் போகிறேன். 12 வோல்ட், 5 மீட்டர் சுருள் வாங்கியாயிற்று, படிகளுக்கு 3 மீட்டர் போதும். டவுனில் ஓட்டை ஓட்டையான தகரப் பெட்டி பவர் சப்ளை மலிவு, கறுப்பு அடாப்டர் விலை கூட. 12 வோல்ட் தானே, எதை வாங்கினால் என்ன? பழைய லேப்டாப் சார்ஜர் ஒன்றும் சும்மா கிடக்கிறது. (வாசகி, உப்புவெளி)

பதில்: அடாப்டரையே வாங்குங்கள்.

12 வோல்ட் ஸ்ட்ரிப்பைத் தொட்டால் ஒன்றும் ஆகாது, அது சரி. ஆனால் அந்த 12 வருவதே சுவரில் இருக்கிற 230 வோல்ட்டிலிருந்து. இரண்டையும் பிரித்து வைப்பது உள்ளே இருக்கும் சின்ன ட்ரான்ஸ்ஃபோர்மரும் அதன் இன்சுலேஷனும்தான். அதில் காசு மிச்சம் பிடித்துச் செய்த பெட்டி பழுதானால் 230 வோல்ட் ஸ்ட்ரிப்புக்கே வந்துவிடலாம், பொம்மையை எடுக்கக் கை நீட்டும் பிள்ளைதான் அதை முதலில் தொடும்.

தகரப் பெட்டி கூடாத சாமான் என்று சொல்லவில்லை. அது இன்னொரு மூடிய பெட்டிக்குள் பூட்டுவதற்கென்று செய்தது. அதன் ஓரத்தைப் பாருங்கள்: ஒரே வரிசையில் திருகாணிகள், 230 வோல்ட் வயர் பூட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே 12 வோல்ட். மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் மூடி, அதுவும் சில பெட்டிகளில் இருக்காது. எர்த் வயர் கட்டாயம் பூட்ட வேண்டும், ஆனால் வீட்டில் கிடக்கும் இரண்டு கம்பி வயரை வைத்துச் சமாளிப்பவர்கள்தான் அதிகம், அப்படிச் செய்து உள்ளே கசிந்தால் தகரம் முழுக்கக் கரண்ட். சில பெட்டிகளில் பக்கவாட்டில் 110/220 என்று குட்டி சுவிட்ச் ஒன்றும் இருக்கும், 110 பக்கம் இருந்தால் பிளக்கில் போட்ட உடனே வெடிக்கும். அதோடு நம் திருகோணமலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல், அந்த ஓட்டைகள் வழியாக உப்புக் காற்று உள்ளே போய் திருகாணியையும் போர்டையும் அரிக்கும்.

அடாப்டர் வாங்கும்போது கடையிலேயே திருப்பி லேபலை வாசியுங்கள். உள்ளே போவது 100-240 வோல்ட், வெளியே வருவது 12 வோல்ட் டிசி, எத்தனை அம்பியர், இவை தெளிவாக அச்சிட்டிருக்க வேண்டும். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் இரட்டை இன்சுலேஷன் என்று அர்த்தம், எர்த் தேவையில்லை. சிஇ (CE) என்கிற ஐரோப்பியக் குறியை மட்டும் நம்ப வேண்டாம், அதை யாரும் அச்சடித்து ஒட்டலாம். கையில் பஞ்சு மாதிரி கனமே இல்லாமல் இருக்கிற 5 அம்பியர் அடாப்டரை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அளவு எப்படிப் பார்ப்பது? மீட்டருக்கு 60 பெரிய எல்ஈடி உள்ள ஸ்ட்ரிப் என்றால் பெரும்பாலும் மீட்டருக்கு 14.4 வாட். 3 மீட்டருக்கு 43 வாட் சொச்சம். 12 வோல்ட் 5 அம்பியர் அடாப்டர் 60 வாட் தரும், கால்வாசிக்கு மேல் மிச்சம் இருப்பதால் சூடு குறையும். 5 மீட்டரும் போட்டால் 72 வாட், அதற்கு 8 அம்பியராவது வேண்டும். சுருளை விரிக்காமல் எரியவிடவே கூடாது, அப்புறம் ஸ்ட்ரிப்பே சூட்டில் போய்விடும்.

உங்கள் 3 மீட்டருக்கு, அடாப்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவே 5 அம்பியர் ஃபியூஸ் ஒன்று போடுங்கள். 12 வோல்ட் ஷொக் அடிக்காவிட்டாலும் ஷோர்ட் ஆனால் வயரைப் பழுக்க வைக்கும், பக்கத்திலேயே பட்டுத்துணி விரித்த படி. வீட்டு ட்ரிப் சுவிட்ச் இந்தப் பக்கத்து ஷோர்ட்டுக்கு விழாது. அடாப்டரைத் துணிக்கு அடியில் மறைக்காமல், கும்பத்துத் தண்ணீர் சிந்தாத தூரத்தில் காற்றோட்டமாக வையுங்கள்.

லேப்டாப் சார்ஜர் வேண்டாம். அது பெரும்பாலும் 19 வோல்ட் தரும், 12 வோல்ட் ஸ்ட்ரிப் முதலில் பளிச்சென்று எரிந்து, சூடேறிக் கருகிவிடும். பழைய ரவுட்டர் அடாப்டரில் 12 வோல்ட் 1 அம்பியர் என்று இருந்தால் எறியாதீர்கள், ஒரு படிக்கு அரை மீட்டர் ஒட்டுவதற்கு அது தாராளம்.