இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு நிலத்தில் இருக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 69 வயது. வலது இடுப்பு மூட்டை மாற்றி இன்றோடு 12 நாள். பின்பக்கமாக வெட்டிச் செய்ததாக ஆஸ்பத்திரித் துண்டில் எழுதியிருக்கிறது. வோக்கர் பிடித்து நடக்கிறா. எங்கள் வீட்டில் குந்தும் மலசலகூடம்தான், குளிப்பு கிணற்றடியில். சாமியறையில் நிலத்தில் இருந்துதான் கும்பிடுவேன் என்று நிற்கிறா. கால் வீக்கத்துக்கு எண்ணெய் போட்டு உருவச் சொல்கிறார்கள். காயம் ஆறும்வரை மீன் கொடுக்கக்கூடாதாம். என்ன செய்யலாம்?
— வாசகி, உப்புவெளி

பதில்: நிலத்தில் இருக்க விடாதீர்கள். சாமியறை வாசலில் உயரமான கதிரை ஒன்றைப் போட்டுக் கொடுங்கள், அதில் இருந்து கும்பிடட்டும். காரணத்தைச் சொன்னால் ஒத்துக்கொள்வார். பின்பக்கமாக வெட்டும்போது மூட்டைப் பின்னால் இறுக்கிப் பிடித்திருக்கும் உறையையும் சிறு தசைகளையும் அறுத்துத்தான் உள்ளே போகிறார்கள், பிறகு தைத்துவிடுகிறார்கள். அந்த இடம் தழும்பாகி இறுகும்வரை தொடை 90 பாகைக்கு மேல் மடிந்தாலோ, காலுக்கு மேல் கால் போட்டாலோ, பாதம் உட்பக்கம் திரும்பினாலோ செயற்கைப் பந்து கிண்ணத்தை விட்டுப் பின்னால் நழுவக்கூடும். பெரும்பாலும் 6 முதல் 12 கிழமைக்கு இந்தக் கட்டுப்பாடு. குந்துவதும் சப்பாணி கட்டுவதும் அதற்குப் பிறகும் கூடுமா என்பதைச் சத்திரசிகிச்சை நிபுணர்தான் சொல்ல வேண்டும். பலருக்கு ஆயுள் முழுக்க வேண்டாம் என்றே சொல்வோம்.

சிக்கல் என்னவென்றால் எங்கள் வீட்டுப் புழக்கம் முழுக்க நிலத்தோடு ஒட்டியது. பாய், திருவலை, பலகைக்கட்டை எல்லாமே பதிவு. சாய்மனைக் கதிரையும் பஞ்சு செற்றியும் அதைவிட மோசம், இருந்தால் உள்ளே தாழ்ந்துவிடும். கதிரை சரியான உயரமா என்று பார்க்க அளவுநாடா தேவையில்லை. அம்மாவை நிமிர்ந்து இருக்கச் சொல்லி, தொடையின் நடுவில் ஒரு தேசிக்காயை வையுங்கள். முழங்கால் பக்கம் உருண்டால் சரி. வயிற்றுப் பக்கம் உருண்டால் கதிரை பதிவு. கைபிடியுள்ள பிளாஸ்டிக் கதிரை இரண்டை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் உயரமும் கூடும், உறுதியும் கூடும். பின்பக்கம் சுவரில் முட்டட்டும்.

எழும்பும்போதுதான் பலர் பிழை விடுகிறார்கள். முதலில் கதிரை விளிம்புக்கு நகர வேண்டும். வலது காலை முன்னே நீட்டி, இரண்டு கையாலும் கைபிடியை ஊன்றி, இடது காலில் பாரம் கொடுத்து எழும்ப வேண்டும். நின்ற பிறகுதான் வோக்கரில் கை. வோக்கரைப் பிடித்து இழுத்து எழும்பினால் அதுவும் சரியும், உடம்பும் முன்னுக்குக் குனிந்து இடுப்பு மடியும். திரும்பும்போது வலது காலில் ஊன்றிச் சுழலாமல் சின்னச் சின்ன அடியாக வைக்கட்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வெட்டிய கால் முதலில்.

மலசலகூடத்துக்கு, நடுவில் துளையுள்ள கொமட் கதிரை வாங்கி அந்தக் குழிக்கு மேலேயே வைக்கலாம். நான்கு காலிலும் ரப்பர் இருக்க வேண்டும், எந்தக் காலும் குழி விளிம்பில் நிற்கக்கூடாது. தண்ணீர் வாளியை நிலத்தில் வைக்காதீர்கள். அதற்குக் குனிந்து திரும்பும்போதே மூட்டு நழுவலாம். கை எட்டும் உயரத்தில் ஸ்டூலில் வையுங்கள். ட்ரமடோல் போன்ற வலிக் குளிசைகள் மலச்சிக்கலை உண்டாக்கும். முக்குகிறவர் தானாக முன்னே குனிவார், ஆகவே பப்பாளி, கீரை, போதிய தண்ணீர் கொடுங்கள். போதாவிட்டால் மருந்து கேளுங்கள்.

கிணற்றடிப் பாசி இப்போது சரிவராது. தையல் வெட்டி, காயம் நனையலாம் என்று சொன்ன பிறகு அதே கதிரையில் இருத்தி உள்ளே குளிக்க வார்க்கலாம். மூட்டுக்கு நல்லது என்று கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப்போக யாராவது வருவார்கள். ஆறாத காயத்தோடு அங்கே போனால் கிருமியும் வழுக்கலும்தான் கிடைக்கும். மஞ்சள், எண்ணெய், பத்து எதுவும் காயத்தில் வேண்டாம்.

படுக்கை கட்டிலில், மல்லாந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை வைத்து. நித்திரையில்தான் கால் தெரியாமல் குறுக்கே போகும்.

கால் வீக்கம் சில கிழமைகள் இருக்கத்தான் செய்யும். பின்னேரம் கூடி, காலையில் வற்றினால் பயமில்லை. ஆனால் உருவவே வேண்டாம். கெண்டைக்காலில் இரத்தம் உறைந்திருந்தால் அந்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போய்விடலாம். அதற்குப் பதிலாக விழித்திருக்கும்போது மணித்தியாலத்துக்கு 10 தரம் பாதத்தை மேலும் கீழும் அசைக்கட்டும். இரத்தம் உறையாமலிருக்கத் தந்த மருந்தைச் சொன்ன கடைசி நாள்வரை நிறுத்தாதீர்கள். அதோடு பார்மசியில் டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுத்தால் வயிற்றில் இரத்தம் கசியலாம்.

மீன் தாராளமாகக் கொடுங்கள். கிரந்தி என்று ஒதுக்கிவிட்டுச் சோறும் ரசமும் மட்டும் கொடுத்தால் காயம் ஆறப் புரதம் எங்கிருந்து வரும்? முட்டை, பருப்பும் சேருங்கள். ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாத மீனை மட்டும் தவிர்த்தால் போதும்.

காயத்தில் நீர் அல்லது சீழ் கசிந்தால், சிவப்பு பரவினால், காய்ச்சல் 100.4 பாகை பாரன்ஹீட்டைத் தாண்டினால் அன்றைக்கே காட்டுங்கள். கெண்டைக்கால் ஒன்று மட்டும் நொந்து இறுகினாலும் அப்படித்தான். திடீரென்று மூச்சு முட்டினால் அல்லது நெஞ்சு நொந்தால் ஒரு நிமிடமும் பார்க்காமல் அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு எடுங்கள்.

மூட்டு நழுவினால் சடாரென்று கடும் வலி வரும், கால் கட்டையாகி உட்பக்கம் திரும்பி நிற்கும், ஊன்ற முடியாது. அப்போது காலை இழுக்காதீர்கள், முறிவு நெரிவு பார்ப்பவரிடமும் கொண்டுபோகாதீர்கள். ஓட்டோவிலும் ஏற்ற வேண்டாம். இருந்த நிலையிலேயே தலையணையால் முட்டுக் கொடுத்து அம்புலன்ஸை அழையுங்கள். மயக்க மருந்து கொடுத்துத்தான் திருப்பிப் பொருத்துவார்கள் என்பதால் குடிக்கவோ சாப்பிடவோ எதுவும் கொடுக்காமல், அந்த ஆஸ்பத்திரித் துண்டையும் மருந்துகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.