ஹார்மோன் எடுக்கும் திருநங்கைக்கு மார்பகப் புற்றுநோய் வருமா?

கேள்வி: நான் திருநங்கை, வயது 41. நிர்வாணம் (ஆணுறுப்பையும் விதைப்பையையும் நீக்கும் அறுவை) முடிந்து பல வருடங்கள் ஆகின்றன. தோழிகள் சொன்னபடி மருந்துக் கடையில் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வருகிறேன். என் சித்திக்கு 44 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. எனக்கும் வருமா? மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?

- வாசகி, திருச்சி

பதில்: வாய்ப்பு உண்டு, ஆனால் நீங்கள் அஞ்சும் அளவுக்கு இல்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனால் வளரும் மார்பகத்தில், மற்ற பெண்களுக்கு இருப்பது போலவே பால் சுரப்பித் திசு உருவாகிறது. அதனால் ஆண்களைவிட ஆபத்து அதிகம். நெதர்லாந்தில் ஹார்மோன் எடுத்த 2,260 திருநங்கையரை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், 15 பேருக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது. பொதுவாகப் பெண்களுக்கு வருவதைவிட இது குறைவு.

சித்தியின் விஷயத்தை மட்டும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஹார்மோன் எடுத்தவர்களுக்கு வழக்கமாக 50 வயதிலிருந்து மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுப்போம். குடும்பத்தில் நோய் இருந்தால் முன்னதாகவே தொடங்க வேண்டியிருக்கலாம். வலியில்லாத கட்டி, காம்பில் இரத்தக் கசிவு, தோல் உள்ளே இழுத்துக்கொள்வது போன்றவை தெரிந்தால் 50 வரை காத்திருக்கக் கூடாது.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது அந்த மாத்திரைதான். அதிலுள்ள எத்தினைல் ஈஸ்ட்ரடையால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். நாற்பதைத் தாண்டிய வயதில், அதுவும் புகைப் பழக்கம் இருந்தால், இன்னும் மோசம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அதற்காக ஹார்மோனே வேண்டாம் என்று விட்டுவிடவும் கூடாது. விதைப்பை நீக்கியபின் உடலில் போதிய பாலின ஹார்மோன் சுரக்காது. எலும்பு தேயத் தொடங்கும். நாளமில்லாச் சுரப்பி மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். இயற்கை ஈஸ்ட்ரடையாலை மாத்திரையாகவோ தோலில் தடவும் ஜெல்லாகவோ மாற்றித் தருவார். ஆண் ஹார்மோனைத் தடுக்கும் சைப்ரோடெரோன் கலந்த மாத்திரை என்றால் அதையும் காட்டுங்கள். அதை அதிக அளவில் நெடுநாள் எடுத்தவர்களுக்கு மூளை உறையில் மெனிஞ்சியோமா என்ற கட்டி வருவதாகத் தெரிந்ததால், 2020இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் பயன்பாட்டைக் குறைத்தது. விதைப்பை இல்லாத உங்களுக்கு அது தேவையும் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்று: சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியை நிர்வாணத்தில் அகற்றுவதில்லை. அதில் புற்றுநோய் வருவது உங்களுக்கு மிக அரிது. ஆனால் அடையாள அட்டையில் 'பெண்' என்று இருந்தால் எந்த மருத்துவருக்கும் அந்த நினைப்பே வராது. சிறுநீர் தடைப்பட்டாலோ இரத்தம் கலந்து வந்தாலோ நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனை செய்தால், ஹார்மோன் எடுப்பவருக்கு அந்த அளவு இயல்பாகவே குறைந்திருக்கும். ஆண்களுக்கான வரம்புக்குள் இருக்கிறது என்று அறிக்கை சொன்னாலும், ஹார்மோன் எடுப்பதைச் சொல்லி மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.