தம்பிக்கு டியூஷன் எதற்கு?

கேள்வி: வேதியியலில் முதுகலை முடித்து, இப்போது ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். கல்லூரியில் எப்போதும் முதல் மதிப்பெண் எனக்குத்தான். ஆனால் கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் பள்ளியில் பிள்ளைகள் வெறித்துப் பார்க்கிறார்கள். அடிப்படையே இல்லாத பிள்ளைகள். 'கரும்பலகையிடம் பாடம் நடத்துகிறீர்கள்' என்று வழிகாட்டி ஆசிரியை குறிப்பு எழுதுகிறார். வீட்டிலும் நிம்மதி இல்லை. என் படிப்புக்கு வாங்கிய கடனையே அப்பா இன்னும் அடைக்கவில்லை. பத்தாம் வகுப்புத் தம்பிக்கு வேதியியலில் மோல் கணக்கு, அதாவது எடையை வைத்து அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ணும் கணக்கு, வராததால் டியூஷன் செலவு வேறு. நான் ஒருமுறை சொல்லித் தந்தேன், அவன் மண்டையில் ஏறவில்லை. பயிற்சியை விட்டுவிட்டு ஏதாவது ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிடலாமா?

பதில்: அன்பு மகளுக்கு,

பள்ளியைப் பற்றி நீ எழுதியதை ஒரு தடவைதான் படித்தேன். பயிற்சிக்குப் போகும் முக்கால்வாசிப் பேர் எழுதுவது அது. தம்பியைப் பற்றிய வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். வேதியியல் ஆசிரியராகப் போகிறவள் இருக்கும் வீட்டிலிருந்து ஒரு பையன் வேதியியல் படிக்க வெளியே போகிறான். அதற்குக் கடனில் இருக்கும் அப்பா பணம் கட்டுகிறார். நீயோ அதைச் செலவுக் கணக்கில் ஒரு வரியாக எழுதியிருக்கிறாய். வெட்கமாக இல்லையா?

'மண்டையில் ஏறவில்லை' என்கிறாயே, எந்த இடத்தில் ஏறவில்லை? மோல் என்பதை அவன் எடை என்று நினைத்திருக்கிறானா, எண்ணிக்கை என்று நினைத்திருக்கிறானா? ஆக்சிஜனுக்கு அணுவின் 16 போடுவதா, மூலக்கூறின் 32 போடுவதா என்பதில் தடுமாறுகிறானா? உனக்குத் தெரியாது. ஏனென்றால் நீ கேட்கவில்லை. சூத்திரத்தை எழுதி, எண்களைப் போட்டு, விடையைக் காட்டியிருப்பாய். அவன் விழித்திருப்பான், நீ எரிந்து விழுந்திருப்பாய். பள்ளியில் நடப்பதும் இதுதான். அங்கே எரிந்து விழ முடியாததால் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறாய்.

கண்ணால் பார்ப்பது, கண்ணுக்குத் தெரியாத அணுவும் மூலக்கூறும், தாளில் எழுதும் குறியீடு என்று வேதியியல் மூன்று தளங்களில் நடக்கிறது. 1991-இல் அலெக்ஸ் ஜான்ஸ்டோன் என்ற கல்வியாளர் இதை விளக்கி எழுதினார். உன் பயிற்சி வகுப்பிலும் சொல்லியிருப்பார்கள், தேர்வுக்கு எழுதியும் இருப்பாய். உன்னைப் போல் ஊறியவர்கள் ஒரே வாக்கியத்துக்குள் மூன்றுக்கும் தாவிவிடுவார்கள். தாவியது அவர்களுக்கே தெரியாது. பதினைந்து வயதுப் பையன் முதல் தாவலிலேயே விழுந்துவிடுவான். அவனைப் பார்த்து அடிப்படை இல்லை என்கிறாய்.

இன்று சாயங்காலம் புத்தகத்தை மூடிவிட்டுத் தம்பியைச் சமையலறைக்குக் கூப்பிடு. ஒரு தம்ளரில் 18 கிராம் தண்ணீர், ஒரு தட்டில் 342 கிராம் சர்க்கரை. எதில் மூலக்கூறுகள் அதிகம் என்று கேள். அநேகமாகச் சர்க்கரையைக் காட்டுவான். உடனே திருத்தினாய் என்றால் எல்லாம் போச்சு. ஏன் அப்படி நினைக்கிறாய் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு. முதல் மதிப்பெண் வாங்கியவர்களுக்கு இதைவிடக் கடினமான வேலை கிடையாது. அவன் காரணம் சொல்லி முடித்த பிறகு, இரண்டுமே ஒரு மோல், இரண்டிலும் ஒரே எண்ணிக்கைதான், 6.022 × 10²³ என்று சொல். ஒரு சர்க்கரை மூலக்கூறு ஒரு தண்ணீர் மூலக்கூறைப் போல் பத்தொன்பது மடங்கு கனம் என்பதை அவன் வாயிலிருந்தே வரவழை. சூத்திரம் அதற்குப் பிறகு வரட்டும்.

வீட்டில் மூத்தவர் படித்த படிப்பில் இளையவருக்கும் பங்கு உண்டு என்று நம்புகிறவள் நான். அவரவர் பாடு அவரவருக்கு என்று இப்போது பேசுகிறார்கள். பேசட்டும். உன் அப்பா அப்படி நினைத்திருந்தால் கடன் வாங்கியிருக்க மாட்டார்.

ஆய்வக வேலை நல்ல வேலைதான். ஆனால் குடுவையில் இருக்கும் கரைசல் உன்னை வெறித்துப் பார்க்காது என்பதற்காக அங்கே போகாதே.

அடுத்த மாதத்திலிருந்து டியூஷனுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல். அன்றைக்கு நடந்ததற்குத் தம்பியிடம் மன்னிப்புக் கேள். அவனுக்கு எங்கே இடறுகிறது என்பதைத் தினமும் ஒரு நோட்டில் குறித்து வை. அந்த நோட்டை வழிகாட்டி ஆசிரியையிடமும் காட்டு. அவனுடைய பரீட்சை முடிந்த பிறகும் விட்டுவிடத்தான் தோன்றினால் எனக்கு எழுது, ஆய்வக வேலையைப் பற்றி அப்போது பேசலாம்.