தீபாவளிக்கு நாட்டுக்கோழி: இப்போதே சொல்லி வையுங்கள்

புரட்டாசி பிறந்ததும் வரும் கேள்விகளில் பாதி நாட்டுக்கோழியைப் பற்றித்தான். தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கலையொட்டி வரும் கரிநாள், அப்புறம் பங்குனி உத்திரம் என்று அடுத்த ஆறு மாதமும் நம் நெல்லைச் சீமையில் கோழி தேடாத வீடு குறைவு. வந்ததில் பலருக்கும் பயன்படுகிற கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

கடையில் "நாட்டுக்கோழி" என்று போர்டு வைத்திருப்பதெல்லாம் நாட்டுக்கோழிதானா அண்ணாச்சி? பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?
(வாசகி, பாளையங்கோட்டை)

பெரும்பாலும் அது பண்ணையில் வளர்ந்த கலப்பினக் கோழி. அசீல் போன்ற நாட்டு இனத்தோடு வேகமாக வளரும் இனத்தைச் சேர்த்து உருவாக்கியது. மூன்று மாதத்தில் ஒன்றேகால், ஒன்றரை கிலோ வந்துவிடும். அதைச் சாப்பிடுவதில் தப்பில்லை, பிராய்லரைவிட ருசியும் உண்டு. ஆனால் அதற்கு நாட்டுக்கோழி விலை கொடுப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வெயிலிலும் மழையிலும் கோழிக்குப் பின்னால் ஓடி, கீரியிடமும் பருந்திடமும் காப்பாற்றி வளர்க்கும் கிராமத்துப் பெண்களுக்குப் போக வேண்டிய காசு அது.

முதலில் கூட்டத்தைப் பாருங்கள். எல்லாக் கோழியும் ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே எடை என்றால் பண்ணைதான். வீட்டுக்கோழியில் ஒன்று செம்பட்டை, ஒன்று கறுப்பு, ஒன்று புள்ளி, இன்னொன்று கழுத்தில் மயிரே இல்லாதது என்று கலந்துதான் இருக்கும். அடுத்து அலகு. நெருக்கமாக அடைத்து வளர்க்கும் இடங்களில் ஒன்றையொன்று கொத்தாமலிருக்க அலகு நுனியை வெட்டிவிடுவார்கள். நுனி மழுங்கிய கோழி மேய்ந்து வளர்ந்ததில்லை. காலைத் தூக்கிப் பாருங்கள்: மண்ணைக் கிளறித் திரிந்ததன் நகம் தேய்ந்திருக்கும், பாதம் காய்த்திருக்கும். பண்ணையில் உமிமேல் வளர்ந்ததன் பாதம் மெதுமெதுவென்று, நகம் நீளமாக இருக்கும். நெஞ்சைத் தடவினால் நாட்டுக்கோழிக்கு நடு எலும்பு கத்திமாதிரி தட்டுப்படும். சதை மெத்தென்று கையை நிறைத்தால் அது வேறு.

முட்டை ஓட்டின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பழுப்பு முட்டை போடும் பண்ணைக் கோழிகள் நிறைய இருக்கின்றன. நாட்டு முட்டை சிறுத்து, மங்கலான வெள்ளையிலோ வெளிர் பழுப்பிலோ இருக்கும்.

தீபாவளிக்கு நாலைந்து கோழி வேண்டும். எங்கே கிடைக்கும், எப்போது போக வேண்டும்?
(வாசகர், சேரன்மகாதேவி)

இன்றைக்கே. இதை நான் எல்லா வருஷமும் சொல்கிறேன், எல்லா வருஷமும் முந்தின நாள் சாயங்காலம் ஓடுகிறவர்கள்தான் அதிகம். கணக்கைப் பாருங்கள். நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும், இருபத்தோரு நாள் அடைகாக்கும், குஞ்சுகளோடு இரண்டு மூன்று மாதம் திரியும். அந்தக் குஞ்சு ஒரு கிலோவைத் தாண்ட ஐந்தாறு மாதமாகும். வருஷத்துக்கு மூன்று நாலு ஈடுதான். ஆக, ஐப்பசியில் உங்கள் சட்டியில் வேகப்போகிற கோழி சித்திரை, வைகாசியிலேயே முட்டையிலிருந்து வெளிவந்திருக்க வேண்டும். கடைசி வாரத்தில் கேட்கிறவர்களுக்குக் கொடுக்க யாரிடமும் கோழி இருக்காது. அந்த இடைவெளியில்தான் பண்ணைக் கோழி புகுந்துவிடுகிறது.

மேலப்பாளையம் செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கு ஆட்டோடு கோழியும் வரும். விடியும்போதே போய்விட வேண்டும். ஆனால் என் விருப்பம் சந்தை இல்லை, ஊருக்குள் போய் வாங்குவதுதான். உங்களுக்குப் பால் ஊற்றுகிறவரிடமோ கீரை கொண்டுவரும் ஆச்சியிடமோ கேளுங்கள், அவர்கள் ஊரில் கோழி வளர்க்கும் வீடு எது என்று தெரியும். நேரில் பார்த்து, இந்தச் சேவல், இந்த வெடை என்று காட்டி, கொஞ்சம் முன்பணம் கொடுத்துவிட்டு வாருங்கள். விலையை அப்போதே பேசி முடியுங்கள். பண்டிகை நெருங்கியபின் இரண்டு பக்கமும் மனக்கசப்பு வராது. முன்பணம் கைக்கு வந்தால் அந்த வீட்டிலும் அவசரத்துக்கு வியாபாரியிடம் தள்ளிவிட மாட்டார்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்றால், இட்லிக்கு ஊற்றும் குழம்புக்கு இன்னும் முட்டையிடாத வெடைக்கோழி. சிறுவிடை இனம் ஒன்று, ஒன்றரை கிலோவில் நிற்கும், குழம்புக்கு அதற்கு மிஞ்சியது எதுவுமில்லை என்பது என் கருத்து. பெருவிடைச் சேவல் மூன்று கிலோவைத் தாண்டும், பார்க்க அழகு, ஆனால் முற்றினால் கறி நார் நாராக இருக்கும். இளசா என்று பார்க்க, நெஞ்செலும்பு வயிற்றுப் பக்கம் முடியும் முனையை அழுத்துங்கள். வளைந்து கொடுத்தால் இளசு. சேவலென்றால் காலில் உள்ள முள்ளைப் பாருங்கள்: மொட்டாக இருந்தால் எடுக்கலாம், நீண்டு கூராகியிருந்தால் வருஷம் கடந்தது.

உயிர் எடையில் வாங்குவது லாபமா, கறியாக வாங்குவதா?
(வாசகர், ஆலங்குளம்)

ஒன்றரை கிலோக் கோழியைச் சுத்தம் செய்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோ நிற்கும். உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்றால் கறி 600 ஆகிறது. இதை வைத்துக் கடை விலையோடு ஒப்பிடுங்கள். இன்னொன்று, தோலை உரிக்க விடாதீர்கள். மயிர் பிடுங்கி, மஞ்சள் தடவி, வைக்கோல் தீயிலோ ஓலைத் தீயிலோ வாட்டி வாங்குங்கள். அந்த வாசனைக்குத்தான் இவ்வளவு பாடும்.

கருங்கோழி சாப்பிட்டால் சர்க்கரையும் மூட்டுவலியும் போகும் என்கிறார்களே?
(வாசகி, முக்கூடல்)

போகாது அம்மா. மருந்தை நிறுத்திவிடாதீர்கள். கருங்கோழி எனப்படும் கடக்நாத் மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதியின் இனம், 2018இல் புவிசார் குறியீடு பெற்றது. தோலும் கறியும் எலும்பும் கறுத்திருப்பது நிறமி மிகுதியால். ரத்தமும் கறுப்பு என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம். கொழுப்பு குறைந்த நல்ல கறி, ருசிக்காக வாங்குங்கள். அதே காசுக்கு நம்மூர் வெடை இரண்டு கிடைக்கும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸுக்குச் சென்னையிலிருந்து எல்லோரும் வருகிறார்கள், பதினைந்து பேர். வான்கோழி சரிப்படுமா?
(வாசகி, வள்ளியூர்)

தாராளமாக. சேவல் ஏழெட்டு கிலோ, பெட்டை நாலைந்து கிலோ வரும். உங்களுக்குச் சேவல் ஒன்று போதும். கொழுப்பு இல்லாத கறி என்பதால் முழுசாகச் சுட்டால் நெஞ்சுப் பகுதி வறண்டுவிடும். நெஞ்சுக்கறியைத் தனியாக எடுத்து மிளகு வறுவலாகவும், தொடையைத் தேங்காய் அரைத்த குழம்பாகவும் வையுங்கள். வான்கோழி வளர்ப்பவர்கள் குறைவு, கார்த்திகை முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும்.

கேரளாவில் பறவைக்காய்ச்சல் என்றால் நாமும் நிறுத்த வேண்டுமா?
(வாசகர், கடையநல்லூர்)

அப்படிச் செய்தி வரும்போதெல்லாம் கேரள எல்லையிலுள்ள புளியரை சோதனைச் சாவடியில் வண்டிகளுக்கு மருந்து தெளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நன்றாக வெந்த கறியில் அந்தக் கிருமி பிழைக்காது. ஆபத்து நோயுற்ற பறவையைத் தொட்டு அறுப்பதில். எங்கிருந்து வந்தது என்று தெரியாத கோழியை அந்தச் சமயத்தில் வாங்காதீர்கள். எந்தச் சமயத்திலும் தூங்கி வழியும் கோழியை வாங்காதீர்கள்.

கோயில் கொடைக்கு நேர்ந்த சேவலை ஒரு வாரம் முன்னால் வாங்கி வீட்டுக் கோழிகளோடு விடலாமா?
(வாசகர், களக்காடு)

கூடவே கூடாது. சந்தையிலிருந்து வரும் ஒரு சேவல் வெள்ளைக்கழிச்சல் நோயைக் கொண்டுவந்தால் உங்கள் கூடே காலியாகிவிடும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிவது, இறக்கை தொங்குவது, கழுத்து முறுக்கிக்கொள்வது இதன் அடையாளம். தள்ளி ஒரு பஞ்சாரக் கூடையில் கவிழ்த்து, தனித் தண்ணீர், தனித் தீனி வையுங்கள். உங்கள் கோழிகளுக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, சேவலிடம் கடைசியாகப் போங்கள், கையைக் கழுவிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். பிப்ரவரியில் கால்நடைத் துறை இதற்கு இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது. பங்குனிக்கு முன்னால் வருவதால் அதைத் தவறவிடாதீர்கள்.

கொண்டுவரும்போது காலைக் கட்டி வண்டியில் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். ஓலைக்கூடையோ அட்டைப்பெட்டியோ, காற்றுப்போக நாலு ஓட்டை, போதும். சாமிக்கு நேர்ந்த உயிர் வழியெல்லாம் துடித்துக்கொண்டு வருவதை எந்த மாடசாமியும் கேட்கவில்லை.

நாட்டுக்கோழி குக்கரில் வைத்தும் ரப்பராகவே இருக்கிறது. ஏன்?
(வாசகி, தச்சநல்லூர்)

அறுத்து இரண்டு மணி நேரம் கழித்து அடுப்பேற்றியிருப்பீர்கள். அறுத்த கோழியின் தசை முதலில் விறைக்கும், பிறகுதான் தளரும். அறுத்ததும் உடனே அடுப்பில் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் முந்தின நாள் மாலை அறுத்து ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் சமையுங்கள். அறுப்பதற்கு முந்தின இரவு தீனி வேண்டாம், தண்ணீர் மட்டும் வையுங்கள். வெடைக்கு ஐந்தாறு விசில், முற்றிய சேவலுக்குப் பத்துக்கு மேல். கறி பாதி வெந்தபிறகு புளிப்பான தக்காளியைச் சேருங்கள், தேங்காயை இறக்கும்போது ஊற்றுங்கள்.